மோத்திக்குப் புரியும் தமிழ்

கொடைக்கானல் மலைப்பாதையில், சவாரி வந்த ஹேமலதாவின் முன்னே சேணத்தில் எப்போதும் மாட்டியிருக்கும், வழி சொல்லும் ஜிபிஎஸ் கருவி மழையில் நனைந்து அணைந்தது. அதன் குரலுக்கு மட்டுமே பழக்கப்பட்ட குதிரை மோத்தி, அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“நட ராசா!” என்றான் குதிரைக்காரன் சூசைமாணிக்கம். அது காதைக்கூட அசைக்கவில்லை.

“உங்க குதிரைதானே அண்ணே?”

“கொள்ளு வைக்கிறது நான்தாம்மா. கேக்குறது அந்த டப்பா பேச்சை.”

வேறு வழியின்றித் தொண்டையைச் செருமி, கருவியில் பேசும் பெண்ணின் குரலை வரவழைத்துக்கொண்டு, “நேராகச் செல்லவும்” என்றான். மோத்தி பணிவோடு நடந்தது.

அடுத்த வளைவில் பாதை சரிந்து கிடந்தது, அப்பால் பள்ளத்தாக்கு.

“நில்லுடா! டேய், நில்லு!” கடிவாளத்தில் தொங்கியபடி கத்தினான். குதிரை நிற்கவில்லை. ஹேமலதா அலறினாள்.

சூசைமாணிக்கம் மூச்சை அடக்கி, எந்த அவசரமும் இல்லாதவளைப்போல் இனிமையாகச் சொன்னான்:

“நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது.”

மோத்தி நின்றது.