கதை கேட்டவன்

"உயிரோட இருக்கிறவனைச் சாகடிச்சுப் புத்தகம் விக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

வாசலில் ஷூவைக் கழற்றும்போது ஒரு தடவை, கூடத்துக்கு வந்து ஒரு தடவை, ஃபேன் ஸ்விட்சைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை. ஒரே வசனத்தை அண்ணன் மூன்று இடத்தில் சொல்லியாகிவிட்டது.

சாப்பாட்டு மேஜை முழுக்கப் புத்தகங்கள். தங்கை ஒவ்வொன்றாகப் பழுப்புத் தாளில் மடித்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மகன் சின்ன வயசில் தூங்காமல் படுத்தி எடுத்தபோதெல்லாம் அவள் இட்டுக்கட்டிச் சொன்ன கதைகள். சொந்தச் செலவில் அச்சடித்தது. விளம்பரம், விற்பனை எல்லாம் தங்கையின் ஃபோனில்.

அண்ணன் தன் ஃபோனைத் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

திரையில் முன்பல் விழுந்த பையன் ஒருவன் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். சந்தேகமே வேண்டாம், இவனேதான். பக்கத்தில் புத்தகத்தின் அட்டை. கீழே கொட்டை எழுத்தில்: 'இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் இன்று இல்லை.'

"இது நீ போட்டதுதானே?"

"ஆமா."

"காலையில என் மேனேஜர் இதை அனுப்பிட்டு, 'உங்க ஜாடையாவே இருக்கே, கூடப் பொறந்தவரா'ன்னு கேக்கறார். ஸ்கூல் குரூப்புல வரிசையா இரங்கல். ஒருத்தன் 'ரொம்ப நல்லவன்'னு எழுதியிருக்கான்!"

"அந்தப் பொய்க்கு நாங்க பொறுப்பில்லை."

"கிண்டலா இருக்கா உனக்கு? என் பொண்ணு இதைப் பார்த்திருந்தா?"

"அம்மா ஆபரேஷனுக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன்? லீவு இல்லை, லீவு இல்லைன்னே. படத்தைப் பார்த்த அன்னைக்கே லீவு கிடைச்சிடுச்சே, பரவாயில்லை."

"பேச்சை மாத்தாதே! வர்ற வழியெல்லாம் உன் பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். காபி கப் பக்கத்துல வச்சுப் படம் போட்டே, ஜன்னலோரமா வச்சுப் போட்டே. நாய் சீண்டலை. சரி, அண்ணனைக் கொன்னாத்தான் போணியாகும்னு கொன்னுட்டே. அப்படித்தானே?"

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"படம் போட்டது நான். அந்த வாசகம் என்னுது இல்லை."

"பின்ன யாருது? பிரஸ்காரனுதா?"

"என்னுது" என்றாள் அம்மா.

தலையைத் தூக்கவில்லை. அடுத்த புத்தகத்தை எடுத்துத் திறந்தாள்.

அண்ணன் ஃபோனை இறக்கினான். தங்கை வாயாடி, எதையும் செய்வாள். அம்மாவா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூடச் சாப்பாடு இறங்காத அம்மாவா?

"நீயாம்மா? நாலு புத்தகம் விக்கணும்னு பெத்த பிள்ளையையே..."

"முதல்ல 'என் மகனுக்குச் சொன்ன கதைகள்'னுதான் போடச் சொன்னேன்" என்றாள் அம்மா. "இதே படம்தான். நிறைய பேர் பார்த்தாங்க. பார்த்தவங்கல்லாம் அந்த மகன் இப்ப எங்கே, உங்களைப் பார்த்துக்கிறாரான்னு கேட்டாங்க. இவ வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா? ஆபரேஷனுக்குக்கூட எட்டிப் பார்க்கலைன்னு பதில் போட்டுட்டா."

"உண்மையைத்தானே போட்டேன்?" என்றாள் தங்கை.

"அவ்வளவுதான். யாரு எவருன்னே தெரியாது, ஆளாளுக்கு உன்னைக் கரிச்சுக் கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 'அவன் உருப்படவே மாட்டான்'னு ஒருத்தி. 'அவன் பிள்ளைங்க அவனை நடுத்தெருவுல விடும்'னு ஒருத்தன். அதுக்கு மேல என்னால படிக்க முடியலை. உடனே அதை அழிக்கச் சொல்லிட்டு இப்படி மாத்தச் சொன்னேன்."

அம்மா பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

"செத்தவனை யாரும் சபிக்க மாட்டாங்கப்பா."

அண்ணன் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். கொண்டுவந்த கோபமெல்லாம் எந்த வழியாகப் போனதென்று தெரியவில்லை.

"எடுத்துடும்மா" என்றான். "அந்தப் படத்தை எடுத்துடச் சொல்லு."

"எடுத்துடலாம். மறுபடியும் மகன் எங்கேன்னு கேப்பாங்களே, என்ன சொல்ல?"

காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்த டீச்சர். கதவு முழுசாகத் திறப்பதற்குள் பாதி உள்ளே வந்துவிட்டாள்.

"எனக்கு ரெண்டு புத்தகம் எடுத்து வைங்கம்மா. அந்தப் படத்தைப் பார்த்ததுலேர்ந்து மனசே சரியில்லை. என்ன ஒரு சிரிப்பு! நான் பெத்ததும்தான் இருக்கே, அடுத்த தெருவுல. நான் இருக்கேனா போனேனான்னு கேக்க நாதியில்லை. உங்க பிள்ளை மட்டும் இருந்திருந்தா உங்களை உள்ளங்கையில வச்சுத் தாங்கியிருப்பான். நல்லதுங்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கறான்."

அம்மா முகம் மலர்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். மகனை ஒருவர் புகழ்ந்து அவள் கேட்டு எத்தனை காலமாயிற்றோ!

டீச்சர் அப்போதுதான் பார்சல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவனைக் கவனித்தாள்.

"இவர் யாரு, கூரியர் ஆபீஸா?"

தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேஜையைப் பார்த்தாள்.

அண்ணன் எழுந்து நின்றான். டீச்சருக்குக் கும்பிடு போட்டான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

"சொல்லும்மா... நான் யாருன்னு நீயே சொல்லும்மா."