மூன்றாவது டிராயர்

எமர்ஜென்சி டிராலியின் மூன்றாவது டிராயரை இழுத்தாள். உள்ளே பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன.

அவள் முதுகுக்குப் பின்னால், பதினான்காம் கட்டிலில், டியூட்டி டாக்டர் மாதப்பனின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். வேண்டியது, நின்ற இதயத்தை எழுப்பும் அட்ரினலின் ஊசி.

அது இரண்டாவது டிராயரில் இருந்தது.

எடுத்தாள். உடைத்தாள். ஏற்றினாள்.

மாதப்பனுக்கு நாடி திரும்பியது. ஆளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மதியம் ஆவதற்குள் கண் திறந்துவிட்டார் என்று சேதி வந்தது.

"புது சிஸ்டருக்கு நல்ல கை" என்று டாக்டர் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குத்தான் தெரியும், நல்ல கை எங்கே போனது என்று.

மூன்று விநாடி. யாரும் பார்க்கவில்லை.

ஏஜென்சி அனுப்புகிற ஊரில் மூன்று மாதம், பிறகு வேறு ஊர். அதுதான் அவள் பிழைப்பு. இது ஒன்பதாவது ஆஸ்பத்திரி, வந்து மூன்றாம் நாள். இதுவரை எந்த ஊரும் அவளைப் பாதியில் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. ஏன் இருக்கக் கூடாது? நிரந்தர வேலைக்காரர்கள் ஒரே வார்டில் பெயர் எடுக்கிறார்கள். அவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அதற்கென்று சில நியமங்கள் வைத்திருந்தாள்.

அரைமணி முன்னால் போய்விடு. 'எங்க பழைய ஆஸ்பத்திரியில இப்படி இல்ல' என்று வாயைத் திறக்காதே. கேண்டீன் எங்கே என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் எமர்ஜென்சி டிராலியைப் பார். புகுந்த வீட்டில் தாளிக்கும்போது கடுகு டப்பாவைத் தேடக் கூடாது.

இங்கேயும் முதல் நாளே ஒவ்வொரு டிராயராகத் திறந்து, தொட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அந்த வார்டிலிருக்கும் கலைமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா, பாகம் பிரிக்க வந்தீங்களா?"

அப்படியும் இன்று கை எட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அங்கே ஊசி மருந்து மூன்றாவதில் இருந்தது. கண்ணுக்குப் பாடம் ஏறியிருந்தது. கைக்கு ஏறவில்லை.

கைகழுவிவிட்டு வந்து, இன்சிடென்ட் நோட்டைக் கேட்டாள். வார்டில் எது தவறினாலும் எழுதி வைக்க வேண்டிய நோட்டு.

கலைமதி தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. போன வருஷக் காலண்டர்களுக்கு அடியில் கிடந்தது. அட்டையில் வார்டின் பெயர். உள்ளே எல்லாம் வெள்ளை.

இந்த வார்டில் தவறே நடந்ததில்லை போலிருக்கிறது. தேவலோகத்து வார்டு.

எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார்கோயில் ஆண்டி. வார்டுக்கு இளைத்தவள் ஏஜென்சி நர்ஸ். இங்கிருந்து ஏஜென்சிக்கு ஒரு போன் போனால் போதும், நாளைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒன்பது ஊரில் கட்டிக் காத்த பெயர் அதோடு போகும்.

எழுதினாள்.

'கட்டில் 14. காலை 11.10. அட்ரினலின் எடுக்கத் தவறான டிராயரைத் திறந்தேன். மூன்று விநாடி தாமதம். எல்லா டிராயரிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்ட வேண்டும்.'

கீழே பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வார்டு இன்சார்ஜ் தனபாக்கியம் சிஸ்டர் நின்றபடியே வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"ஏம்மா, டாக்டரே பாராட்டிட்டுப் போறாரு. யாரு கண்டா? எதுக்கு இத எழுதின?"

"திங்கக்கிழமை இன்னும் ரெண்டு பேரு புதுசா வராங்க சிஸ்டர். அவங்க கையும் வேற எங்கயோ பழகினதாத்தான் இருக்கும்."

குரல் நடுங்கியது. தலை நிமிர்ந்தேதான் இருந்தது. அந்த மூன்று வரியைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. டாக்டர் பாராட்டியபோது வராத பெருமை.

தனபாக்கியம் உட்கார்ந்தார். மேஜை மேலிருந்த போனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவள் பேனாவுக்காகக் கை நீட்டினார்.

அவள் கையெழுத்துக்குக் கீழே கோடு ஒன்று இழுத்தார். போன மாதத்துத் தேதி ஒன்றைப் போட்டார். இந்தப் புது டிராலி வார்டுக்கு வந்த வாரம். 'கட்டில் 8' என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்குச் சற்று நேரம் எடுத்தது. எழுதி முடித்து, தன் பெயரைப் போட்டார்.

அதுவரை மடித்த போர்வையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்த கலைமதி, மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பேனா அவள் கைக்குப் போனது.

புது சிஸ்டருக்கு இரண்டு மணிக்கே டியூட்டி முடிந்திருந்தது. தன் பேனாவுக்காகக் காத்திருந்தாள்.

வார்டு நர்ஸுகள் ஒவ்வொருவராக எழுதிக் கைமாற்றி, அது அவளிடம் திரும்பி வந்தபோது மணி ஐந்து.