ஒருத்திக்கு மூன்று பக்கங்கள்

"அண்ணே, அந்தப் பக்கத்த மட்டும் அழிச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தனசேகர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பினான். ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த அந்த பிரவுசிங் சென்டரில் மத்தியானமே விளக்குப் போட்டிருந்தார்கள். வெளியே அத்தனை மூடுபனி. எதிரே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபத்து நாலு வயதிருக்கும். கைகள் இரண்டும் நடுங்கின. கொடைக்கானலில் குடியிருப்பவர்கள் குளிருக்கு அப்படி நடுங்க மாட்டார்கள்.

"எந்தப் பக்கம்மா?"

"கோடை விக்கியில... என்னயப் பத்தி இருக்குல்ல, அது."

கோடை விக்கி என்பது ஊரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த இணையதளம். யார் வேண்டுமானாலும் என்று சொன்னால் நம் ஜனங்கள் விடுவார்களா? எழுதித் தள்ளிவிட்டார்கள். தலைப்பு மட்டும் அவரவர் வாய்க்கு வந்தபடி. மூன்று மாதத்துக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தனசேகர், அதைச் சுத்தம் பண்ணும் பொறுப்பைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

"ஓ, குல்லா பின்னுற இந்து நீங்கதானா? உங்க ஒருத்திக்கே மூணு பக்கம் இருந்துச்சும்மா! 'பச்சக் குல்லா', 'நல்ல ஸ்வெட்டர்', 'சிரிக்கிற அக்கா'. எல்லாம் டூரிஸ்ட்டுங்க எழுதுனது. நான்தான் மூணையும் ஒண்ணாச் சேத்து, உங்க பேரத் தலைப்பா வச்சேன். இப்பத் தேடுனா டக்குன்னு வரும்."

"அதுதாண்ணே பயமா இருக்கு. தேடுறவங்க கையில கெடச்சிருமே."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுல சம்மதிக்கல. பதிவுக் கல்யாணம் பண்ணி பத்து மாசம் ஆச்சு. 'சாதி சனம் தெரியாத சிலோன்காரப் பயலயா கட்டுன, ரெண்டு பேரையும் வெட்டிப் போடுவேன்'னு எங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. சொன்னாச் செய்யும்ணே. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல யாரோ ரெண்டு பேரு என் போட்டோவக் காட்டி விசாரிச்சிருக்காங்க. அன்னைலருந்து நாங்க தூங்கல."

"அடப் பாவமே. இது தெரியாமப் பண்ணிட்டேனே தங்கச்சி" என்று தனசேகர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் பக்கங்களின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே உருட்டினான். 'ஏரி', 'கோடை லேக்', 'கொடைக்கானல் ஏரி', 'போட் விடுற எடம்' என்று வரிசையாக ஓடின. இந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யாரு எழுதுனாலும் திருத்துனாலும் பேரு விழுந்துரும். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பயப்படாதீங்க" என்றவன், அவள் கண் முன்னாலேயே பக்கத்தை அழித்தான். பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிறுத்தினான்.

"ஒரு சிக்கல் இருக்கும்மா. ஒருத்தர் உங்க ஊரு பள்ளங்கின்னு எழுதிருந்தாங்க, ஒருத்தர் அட்டுவம்பட்டி, இன்னொருத்தர் பண்ணைக்காடு."

"மூணு எடத்துலயும் போயி விப்பேண்ணே."

"சரி, வீடு எது? அந்த ஊருப் பக்கத்துலயும் உங்க பேரு ஒட்டிக்கிட்டுக் கெடந்தா எடுத்துரலாம்ல?"

இந்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சால்வை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?"

"கூடப் பொறந்தவனா நெனச்சுக்க."

"அட்டுவம்பட்டி. தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்புல நீல கேட்டு வீடு" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை காத்திருந்த தனசேகர், செல்போனை எடுத்தான்.

"மாப்ள, உன் தங்கச்சி தானா வந்து சொல்லிட்டா. அட்டுவம்பட்டி. தொட்டிக்கு எதுக்க, நீல கேட்டு. இருட்டுறதுக்குள்ள வெரசா ஏறி வாங்க."

கீழே, பனிக்குள் நின்ற ஜீப்பில் இந்து ஏறி உட்கார்ந்தாள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அதில் நடிப்பு எதுவும் இல்லை. புருஷன் சுரேந்திரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீடு எதுன்னு கேட்டானா?"

"கேட்டான்."

"ஒருவேள நெசமாவே சுத்தம் பண்ற ஆளா இருந்தா?"

"ஏரிக்கு நாலு பக்கம் அப்பிடியே கெடக்குங்க. பஸ் ஸ்டாண்டுக்கு மூணு. போன வாரமே பாத்து வச்சேன், மூணு மாசத்துல அவன் பேருல விழுந்திருக்க திருத்தம் என் பக்கம் ஒண்ணுதான்."

ஜீப் கிளம்பியது. அவர்கள் வீடு எந்த ஊரில் என்பதை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

அட்டுவம்பட்டி நீல கேட்டு வீடு மகளிர் போலீஸ் ஏட்டு ராக்காயியுடையது. போன வாரமே இந்து கொடுத்த புகாரைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு போலீஸ்காரர்களோடு அவர் காலையிலிருந்து அங்கேதான் காத்திருக்கிறார்.