காட்டேரிப் பைத்தியம்

"மறுபடியும் அந்தக் காட்டேரி விளையாட்டா? போனைக் கீழே வை!" என்று மகளை அதட்டினாள் அம்மா.

"பொறும்மா. ஊர்க்காரங்க தீப்பந்தத்தோட துரத்தறாங்க. இதை எப்படியாவது காப்பாத்தணும்."

"ஊர்ல பிள்ளைங்க எல்லாம் காட்டேரியைக் கொல்லுதுங்க. நீ காப்பாத்தறியா? ரத்தம் குடிக்கிற சனியனுக்கு ஏண்டி இப்படிப் பரிஞ்சுக்கிட்டு வர்றே? படிக்கிற கதையும் அதேதான்."

"பாவம்மா அது. ஆசைப்பட்டா குடிக்குது? வேற வழியில்ல."

"பதிமூணு வயசுல பேசற பேச்சைப் பாரு!"

அம்மா போனைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். மகள் சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்த நர்ஸ், ரத்தப் பையைக் கம்பியில் மாட்டியபடி சிரித்தாள். "என்ன காட்டேரி, மூணு வாரம் ஆனா பசி எடுத்துடுமே!"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி ஏறியது. சிவப்பு மெல்லக் குழாயில் இறங்கியது.

"அதுவும் என்னை மாதிரிதாம்மா" என்றாள் மகள். "அடுத்தவங்க ரத்தத்துலதான் உயிரோட இருக்கு. ஆனா அதுக்கு நானூறு வயசு ஆகுது."

அம்மா அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள்.

"இந்தா, பிடி. தீப்பந்தம் கிட்ட வந்திருக்கும். சீக்கிரம் காப்பாத்துடி!"