நகலெடுக்க முடியாத கார்டு

“இந்தக் கார்டு பொய் சொல்லுது சார்!” மருந்தாளுநர் அதை மேஜைமேல் வீசினாள். “அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி முடிஞ்ச நாள். பகல் ரெண்டு மணிக்கு வீட்டுல தூங்கிட்டிருந்தேன்.”

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். செவ்வாய்க்கிழமை, பகல் 2.10. மருந்து அறை அவளுடைய கார்டில்தான் திறந்திருந்தது. வலி மாத்திரை இரண்டு பெட்டி காணவில்லை.

“யாரோ நகல் எடுத்திருக்காங்க.”

“வாய்ப்பே இல்லைங்க,” என்றார் பூட்டைப் பொருத்திய இன்ஜினியர், நான்காவது முறையாக. “ஒரே மெஷின்ல செஞ்சாலும் ஒவ்வொரு சிப்புலயும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருக்கும், கைரேகை மாதிரி. பூட்டு அதைத்தான் பார்க்குது. செஞ்ச கம்பெனியே நினைச்சாலும் அதே மாதிரி இன்னொண்ணு செய்ய முடியாது.”

“அப்ப கேமராவைப் பாருங்க!”

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். “இந்தக் கார்டு வந்ததும், கேமரா எதுக்குன்னு கழட்டிட்டோம்மா.”

பதினோரு வருட வேலையில் அவள் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. நாளைக்குள் விளக்கம் எழுதித் தராவிட்டால் போலீஸுக்குப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து மணியை அழுத்தினாள். சத்தம் ஓய்வதற்குள் கணவன் வந்து கதவைத் திறந்தான். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு, மூன்று மாதமாக அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவன்.

பையை நாற்காலியில் எறிந்துவிட்டுக் கொட்டித் தீர்த்தாள். “கரடியா கத்திட்டேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றான் அந்த இன்ஜினியர். நகல் எடுக்கவே முடியாதாம்! நாளைக்குப் போலீஸாம்!”

“போலீஸ் எல்லாம் வேண்டாம்னு கேட்டுப் பாரேன்.”

“ஏன்? வரட்டுமே! எடுத்தவன் மாட்டட்டும்!”

அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். “டாக்டர் மாத்திரையை நிறுத்தினதுல இருந்து வலியில உயிரே போச்சு. உன்கிட்ட கேட்டா தரமாட்டேன்னு தெரியும்.”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“இன்ஜினியர் சொல்றது நிஜம்தான். அதை யாரும் நகல் எடுக்கலை.” அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“நீ தூங்கினப்ப, உன் கார்டையேதான் எடுத்துட்டுப் போனேன்.”