வெள்ளிக்கிழமை மீட்டர்

"அண்ணே, ரெண்டரை மணிக்குள்ள முடிச்சுடுவீங்களா? ஜும்மா முடிஞ்சதும் அவங்க கூப்பிடுவாங்க. மீட்டரைக் காட்டணும்."

ஹஃபீஸா இதைக் கேட்பது மூன்றாவது முறை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

எலக்ட்ரீஷியன் செல்லையன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையை விட்டு மீட்டர் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். போன வெள்ளி ராத்திரி மழையில் தண்ணீர் இறங்கி, வேகம், பெட்ரோல், கிலோமீட்டர் எல்லாமே இருட்டு.

"யாரு அந்த அவங்க?" என்றாள் அல்லி. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் லோடு ஆட்டோவை அவளேதான் ஓட்டுகிறாள். ஹாரன் மாற்ற வந்தவள், பட்டறை மூலையில் தூசி படிந்து நின்ற ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரங்கக்கா. துபாய்ல இருக்காங்க."

"துபாய்ல இருக்கறவருக்குக் காரைக்கால் காரோட மீட்டர் எதுக்கு?"

"வெள்ளிக்கு வெள்ளி எத்தனை கிலோமீட்டர்னு காட்டிடணும். ரெண்டு வருஷமா ஒரு வாரம் தப்பினதில்லை."

அல்லி செல்லையனைப் பார்த்தாள். செல்லையன் அல்லியைப் பார்த்தார்.

"அக்கா, ஸ்கூட்டியை ஆட்டாம உக்காருங்க. என் வீட்டுக்காரி வண்டி அது. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ரோடு கெட்டுக் கிடக்குதே, விழுந்து வைப்பாளேன்னு இங்கயே நிறுத்திட்டேன்."

ஹஃபீஸாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "புது மீட்டர் சைபர்தானே காட்டும்? சைபரைக் காட்டி நான் அவங்ககிட்ட என்னண்ணே சொல்லுவேன்?"

"பதறாதீங்க தங்கச்சி. பழைய மீட்டரோட சிப்புல எல்லாம் பதிஞ்சிருக்கும். அதை லேப்டாப்ல எடுத்துப் புதுசுல ஏத்திடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா ஒரு ரெண்டாயிரம் குறைச்சே ஏத்தறேன். கார் விக்கறவன் வந்து காலைப் பிடிச்சாலும் நான் செய்யாத வேலை. உங்க முகத்துக்காகச் செய்யறேன். நீங்க வாசப்படி தாண்டலைன்னு நெனச்சுக்கட்டும் அந்த மனுஷன்."

"அல்லாவே, குறைக்கறதா! ஒரு கிலோமீட்டர் குறைஞ்சாலும் என் உசுரே போயிடும்ணே!"

"அப்ப கூட்டிப் போடு செல்லையா. வயிறெரியட்டும்" என்றாள் அல்லி.

"கூட்டவும் வேணாம்கா. அவங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்காமில்ல, வாக்கு! நானா இருந்தா இந்த மீட்டரைப் பார்சல் கட்டி அனுப்பி, நீயே கழுத்துல மாட்டிக்கய்யான்னு இருப்பேன்."

செல்லையனுக்கும் பொறுக்கவில்லை. "பொம்பளைங்க நாலு இடம் போனா இவனுங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? காரையும் வாங்கிக் குடுத்துட்டு, எங்க போனே எங்க போனேன்னு... சே!"

பழைய மீட்டரின் சிப்பில் ஒயரைக் கவ்வ விட்டு லேப்டாப்பைத் தட்டினார். ஹஃபீஸா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"போன வெள்ளி நாப்பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு. அப்புறம் விழிதியூர், நாகூர், இப்ப இங்க வந்தது. பழகின ரோடுதான், மொத்தம் முப்பத்தாறு. எண்பத்தேழு வரணும்ணே... வந்துடணும்..."

திரையில் எண் விழுந்தது. 49,987.

"வந்துடுச்சு!" என்று குதித்தாள் ஹஃபீஸா. எதற்கென்று தெரியாமலே அல்லியும் எழுந்து நின்றுவிட்டாள்.

புது மீட்டர் பொருந்தியது. சாவியைத் திருப்பியதும் முள்ளெல்லாம் ஒருமுறை உச்சிக்கு ஏறி இறங்க, பளிச்சென்று 49,987. அதே நிமிஷம் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. துபாயிலிருந்து சஃபியுல்லா.

சலாம் சொல்லி முடிக்கும் முன்பே, "மீட்டர் எங்க? காட்டு, காட்டு!" என்றது போன்.

ஹஃபீஸா காட்டினாள். அல்லிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போனுக்குள் தலையை நீட்டினாள். "ஏய்யா, நீயெல்லாம் ஒரு..."

"டேய், வாங்கடா எல்லாரும்! அம்பதாயிரத்துக்கு இன்னும் பதிமூணுதான்டா பாக்கி!"

துபாய் அறையில் கட்டிலிலிருந்து குதித்தவர்கள், கரண்டியோடு ஓடி வந்தவர் என்று ஏழெட்டு முகங்கள். ஒரே விசில், கைதட்டல்.

அல்லி நீட்டிய தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஹஃபீஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நாப்பத்தஞ்சாயிரம் ஓடின பழைய வண்டியாத்தான் வாங்கினோம்கா. ஸ்டியரிங்கைத் தொட்டாலே எனக்குக் கை நடுங்கும். அஞ்சாயிரம் நீயா ஓட்டிடு, அடுத்த தடவை திருச்சி ஏர்போர்ட்டுக்கு நீதான் வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னாங்க."

"செவ்வாய்க்கிழமை ஃப்ளைட்டு!" என்று போன் கத்தியது. "டாக்ஸிக்காரனை வர வேணாம்னுட்டேன். மச்சானை ஏர்போர்ட்ல நிக்க வச்சுடாதே, புள்ள!"

"இதோ, இப்பவே போய் அந்தப் பதிமூணையும் முடிச்சுட்டு வரேன் மச்சான்!"

கார் ஹாரன் அடித்துக்கொண்டே தெருமுனையில் திரும்பி மறைந்தது.

செல்லையன் லேப்டாப்பை மூடி, ஒயரைச் சுருட்டி, சுருட்டியதையே மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

அல்லி ஸ்கூட்டி மீட்டரின் தூசியை முந்தானையால் துடைத்தாள். குனிந்து பார்த்தாள்.

"ஏன் செல்லையா, மூணு வருஷத்துக்கு இது பதினோரு கிலோமீட்டர்தான் காட்டுது. இந்த மீட்டரும் ரிப்பேரா?"