பாதிக்குப் பாதி

"ஏய்! என்ன செய்யிறாய்?"

விசுவலிங்கம் மாஸ்டர் போட்ட சத்தத்தில் வீரமுத்துவின் கையிலிருந்த கூஜா ஆடி, தண்ணீர் தரையில் சிந்தியது.

ஜொகூர் பாருவின் அந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அன்று மணி ஏழுகூட ஆகவில்லை. ரசாயனக் கூடத்தில், பையன்களின் மேசைக்குப் போக வேண்டிய கந்தக அமிலச் சீசாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பாதிதான் அமிலம். மீதிப் பாதிக்குக் கூடத்து வேலையாள் வீரமுத்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"காய்ச்சி வடிச்ச தண்ணிதான் சார். சுத்தமானது."

"பால்காரனும் அப்பிடித்தான் சொல்லுறவன்!"

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சனிக்கிழமைதோறும் அவரே தராசில் நிறுத்து, அவரே கரைத்து, பெரிய ஜாடியில் மூடி வைக்கிற அமிலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்த முதல் நாளே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு, சீட்டெழுதி, ஜாடியில் ஒட்டியும் விட்டார். எட்டு மாதமாக அந்தச் சீட்டுப்படிதான் எல்லாம். அதிலா இந்த ஆள் கை வைப்பது?

கணக்கில் இம்மி பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது. போன மாதம் ஜெயபாலன் என்றொரு பையன், கந்தக அமிலத்தின் எடையைப் பாதியாக்காமல் கணக்குப் போட்டுவிட்டான். 'கந்தக அமிலத்துக்குப் பாதி' என்று நூறு தடவை எழுத வைத்தார். வகுப்பே சிரிக்கும்படி 'மரமண்டை' என்று பட்டமும் கொடுத்தார்.

"பொந்தியான் தோட்டத்தில உன்ரை மச்சான் ரப்பர் மரம் சீவுறான் எல்லே? ரப்பர் பால் உறைய அமிலம் வேணும். அதை அங்கை வித்துப்போட்டு, இஞ்சை பிள்ளையளுக்குத் தண்ணியோ?"

"ஐயையோ, இல்ல சார்! மிச்சமெல்லாம் பெஞ்சுக்கு அடியில அப்படியே இருக்கு. ஒரு சொட்டு வெளிய போகல."

"அப்ப ஏன் தண்ணி விடுறாய்?"

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டான். திருட்டு முழி என்று மாஸ்டர் முடிவே கட்டிவிட்டார்.

பத்து நிமிடத்தில் ஹெட்மாஸ்டர் துரை வந்து நின்றார். வெள்ளைக்காரர், சரித்திரம் படித்தவர். ரசாயனமும் தெரியாது, தமிழும் தெரியாது. கலப்படம் உண்மையானால் வீரமுத்துவுக்கு இன்றோடு வேலை இல்லை, பள்ளிக்குப் பின்னால் கொடுத்திருக்கும் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றார். அந்த வீட்டில் அவன் மனைவி ராஜம்மாவும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள்.

"இதோ, உங்கள் கண் முன்னாலேயே நிரூபிக்கிறேன்," என்றார் மாஸ்டர்.

காரக் கரைசலில் இருபத்தைந்து சி.சி. அளந்து குடுவையில் விட்டார். இரண்டு சொட்டு நிறங்காட்டி விட்டதும் அது ரோஜா நிறமானது. வீரமுத்து தண்ணீர் கலந்து வைத்திருந்த சீசாவிலிருந்து அமிலத்தை எடுத்து, கோடு போட்ட பியூரெட் குழாயில் நிரப்பினார்.

"சரியான அமிலம் என்றால் இருபத்தைந்தாவது கோட்டில் இந்த நிறம் போய்விடும். இது பாதித் தண்ணீர். ஐம்பது வரைக்கும் இழுக்கும், பாருங்கள்!"

குழாயைத் திறந்தார். பத்து. இருபது. சொட்டுச் சொட்டாக விட்டார்.

இருபத்தைந்தில் நிறம் போய்விட்டது.

குடுவையைக் கழுவி மறுபடி செய்தார். இருபத்தைந்து. மூன்றாம் தடவையும் இருபத்தைந்து.

"அமிலம் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார் துரை.

"கொஞ்சம் பொறுங்கள்."

மாஸ்டர் ஜாடியைத் திறந்து, வீரமுத்துவின் கை படாத அமிலத்தை எடுத்துக் குழாயில் ஊற்றினார். பன்னிரண்டரையிலேயே நிறம் பறந்துவிட்டது. ஜாடியில் இருந்தது இரண்டு மடங்கு வீரியம்!

அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். லிட்டருக்கு 9.8 கிராம் என்று எழுதியிருந்தது. பாதியாக்கி 4.9 என்றல்லவா இருக்க வேண்டும்? கையெழுத்தோ அவருடையதேதான். நூறு தடவை எழுதிய ஜெயபாலனின் முகம் கண்ணில் வந்து நின்றது. காது இரண்டும் சுட்டன.

"எப்ப இருந்து தண்ணி விடுறாய்?" என்று தமிழில் கேட்டார்.

"நீங்க வந்த நாள்லேர்ந்து சார். பசங்க வர்றதுக்கு முந்தி ஒரு தடவ விட்டுப் பாத்துடணும்னு உங்களுக்கு முந்தி இந்தப் பாடம் எடுத்த தொரை பழக்கி வச்சிருந்தாரு. பாத்தா, பாதியிலயே நிறம் போயிடுச்சு. வாத்தியாரு தப்பைப் பசங்க கண்டுபிடிச்சிட்டா நல்லா இருக்காதேன்னுதான்..."

"என்ன சொல்கிறான்? இது யார் செய்த தப்பு?" துரை பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் அதட்டினார்.

உண்மையைச் சொன்னால் மாஸ்டரின் மானம் போகும். சொல்லாவிட்டால் வீரமுத்துவின் வேலை போகும். கையிலிருந்த குடுவையை மேசையில் வைத்தார்.

வீரமுத்து ஓரடி முன்னால் வந்தார். துரைக்குப் புரிகிற மலாயில் பணிவாகச் சொன்னார்:

"யார் தப்பும் இல்லை துவான். கெட்டியாகக் கரைத்து வைக்கிறேன், நீ பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக்கொள் என்று மாஸ்டர்தான் முதல் நாளே சொல்லியிருந்தார். வேலை மும்முரத்தில் அவருக்கு மறந்துவிட்டது."